அட்லஸில் இல்லாத ரயில் பாதை
மார்கழிப் பயணம் – 4

ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து தங்கை மகள் போன ஞாயிறு பேசினாள். கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வீட்டுக்காரரும் இரண்டு பிள்ளைகளுமாக வருகிறாள். திருவண்ணாமலையில் ரமணாசிரமத்துக்கு எதிரே, செங்கம் சாலையிலிருந்து உள்ளே திரும்பும் தெருவில் என் வீடு. நான்கு நாள் என்னோடு தங்கல்.

"மாமா, போன வருஷம் வியன்னா, பிராட்டிஸ்லாவா, புடாபெஸ்ட்னு ஒரே மூச்சுல பாத்துட்டு வந்தோம். அதே மாதிரி செஞ்சி, திருக்கோவிலூர், வேலூர், காஞ்சிபுரம் எல்லாத்தையும் நீங்க போட்டுக் குடுத்துடுங்க."

வியன்னாவிலிருந்து பிராட்டிஸ்லாவாவுக்கு ரயிலில் ஒரு மணி நேரம்தான். ஆனால் டிசம்பர் கடைசியில் அங்கே நாலு மணிக்கே பொழுது சாய்ந்துவிடும். அங்கே பயணத்தை வெளிச்சத்தை வைத்துப் போட வேண்டும். நம் ஊரில் வெளிச்சம் கிட்டத்தட்ட ஆறு மணி வரை இருக்கிறது. கோயில் நடைதான் பன்னிரண்டு, பன்னிரண்டரைக்குச் சாத்தி நாலு மணிக்குத் திறக்கிறது. இதை மறந்து கிளம்புகிறவர்கள் பூட்டிய ராஜகோபுரத்தின் கீழே உட்கார்ந்து காத்திருப்பதை ஒவ்வொரு மார்கழியிலும் பார்க்கிறேன். பாவமாக இருக்கும். மார்கழியில் விடியும் முன்பே நடை திறந்துவிடுகிறார்கள் என்பது நமக்குச் சாதகம்.

முதலில் காஞ்சிபுரத்தைப் பட்டியலிலிருந்து எடுத்தேன். இங்கிருந்து போய்த் திரும்ப இருநூறு கிலோமீட்டருக்கு மேல். சென்னையில் இறங்கியதும் நேரே காஞ்சிக்குப் போய் ஓர் இரவு தங்கி, காலையில் கைலாசநாதர் கோயிலைப் பார்த்துவிட்டு இங்கே வரச் சொன்னேன். எப்படியும் இந்தப் பக்கம்தானே வர வேண்டும்!

வேலூருக்கு ஒரு நாள். ஜலகண்டேசுவரர் கோயில் கோட்டைக்கு உள்ளேயே இருக்கிறது. நடை சாத்துவதற்குள் அந்தக் கல்யாண மண்டபத்துத் தூண்களைப் பார்த்துவிட்டால், மதியம் மதிலும் அகழியும் அருங்காட்சியகமும். 1806 ஜூலை 10-இல் சிப்பாய்கள் எழுந்த இடம் அது என்று பிள்ளைகளுக்கு அங்கேயே நிறுத்திச் சொல்லலாம். அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. அதனால் வியாழன் வைத்தேன்.

செஞ்சிக்கும் தனி நாள். சிவாஜி 1677-இல் பிடித்த கோட்டை. 1690-இலிருந்து முகலாயப் படை சூழ்ந்து கிடந்தும் 1698 வரை விழாத கோட்டை. 2025 ஜூலையில்தான் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. ராஜகிரியில் காலை வெயில் ஏறும் முன் ஏறிவிட வேண்டும். மார்கழிப் பாறை அப்போது காலுக்குக் குளிர்ந்திருக்கும். சித்திரையில் இதே பாறையில் கை வைக்க முடியாது.

மீதி ஒரு நாள் திருக்கோவிலூர். இதை மட்டும் காரில் போகக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். காரணம், 1896-இல் மதுரையிலிருந்து கிளம்பிய வேங்கடராமன் என்கிற பதினாறு வயதுப் பையன். பின்னாளில் ரமணர் ஆனவர்.

அவரும் பயணத்துக்குத் திட்டம் போட்டவர்தான். வீட்டில் இருந்த பழைய அட்லஸைப் பார்த்தார். விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலைக்கு வரும் ரயில் பாதை அதில் இல்லை. பக்கத்து ஸ்டேஷன் திண்டிவனம் என்று நினைத்து 2 ரூபாய் 13 அணாவுக்கு டிக்கெட் வாங்கினார். வண்டியில் உடன் வந்த மௌல்வி ஒருவர்தான் விழுப்புரத்தில் மாற வேண்டும் என்று சொன்னார். கையில் மிச்சமிருந்த சில்லறைக்கு மாம்பழப்பட்டு வரைதான் டிக்கெட் கிடைத்தது. அங்கிருந்து நடை. பத்து மைல் தாண்டி, இருட்டுகிற நேரத்தில் அறையணிநல்லூர் கோயில்.

இன்று நாம் அரகண்டநல்லூர் என்கிறோமே, அந்த ஊர். திருக்கோவிலூர் ரயில் நிலையம் இருப்பதே இந்தக் கரையில்தான். இறங்கி, பாறை மேல் இருக்கும் அந்தக் கோயிலுக்கு ஏறி நின்றால் கீழே தென்பெண்ணை. ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்து, மணல் திட்டுகளுக்கு நடுவே தண்ணீர் பிரிந்து பிரிந்து ஓடும். ஆற்றுக்குள் ஒரு பெரிய குண்டுப் பாறை, அதன் தலையில் சின்னஞ்சிறு செங்கல் கோயில். அது கபிலர் குன்று. பாரி இறந்தபின் கபிலர் வடக்கிருந்து உயிர் விட்ட இடம் என்பார்கள். எதிர்க்கரையில் கீழையூர் வீரட்டானேசுவரர் கோயிலில் உள்ள ராஜராஜன் காலத்துக் கல்வெட்டு அவரைப் பேசுகிறது. அதையும் முடித்து, முதலாழ்வார் மூவரும் சந்தித்த உலகளந்த பெருமாள் கோயிலுக்கு நடை சாத்தும் முன் போய்விடலாம்.

தேதி விஷயத்தில் ஒன்று. தீபக் கூட்டமும் மழையும் ஓய்ந்து, மார்கழி பிறந்த பின் வாருங்கள். 2024 டிசம்பர் 1-இல் ஃபெஞ்சல் புயல் மழையில் இந்த மலைச்சரிவில் மண் சரிந்து ஏழு பேர் போனதை இந்த ஊர் இன்னும் மறக்கவில்லை. ரமண ஜயந்தி மார்கழிப் புனர்பூசத்தில் வரும். அந்த வாரமும் பௌர்ணமியும் சேர்ந்தால் செங்கம் சாலையில் அறை கிடைக்காது. ஆசிரமத்தில் தங்க நினைப்பவர்கள் மாதக் கணக்கில் முன்னதாகவே எழுதிக் கேட்க வேண்டும்.

இவ்வளவும் சொல்லி முடித்ததும் அவள் போனைப் பெரியவனிடம் கொடுத்தாள். அவனுக்கு வேங்கடராமனின் மீதிக் கதையைச் சொன்னேன். மறுநாள் கோகுலாஷ்டமி, ஒரு பாகவதர் வீட்டில் சாப்பாடு போட்டார்கள். ரயிலுக்குக் காசில்லாமல் காதுக் கடுக்கனை அந்த வீட்டிலேயே 4 ரூபாய்க்கு அடகு வைத்து, ராத்திரி ஸ்டேஷனில் படுத்து, செப்டம்பர் 1 காலையில் திருவண்ணாமலையில் இறங்கினார்.

"அந்தக் கடுக்கனை அப்புறம் மீட்டாரா தாத்தா?"

"இல்லப்பா. ஸ்டேஷனுக்குப் போற வழியிலேயே சீட்டைக் கிழிச்சுப் போட்டுட்டார்."