பழைய மோட்டார் சைக்கிளின் சங்கிலி

1990இல் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு எரிபொருள் தடை விதிக்கப்பட்ட பின்னர், சாவகச்சேரிச் சந்தைக்கு வந்த மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடின. அத்தகைய பழைய ஹொண்டா வண்டியை இன்றும் வைத்திருப்போர்க்கு உப்புக் காற்றும் மணலுமே பெரும் பகை.

சங்கிலியை இழுக்கும் திருகு துருப்பிடித்திருப்பின் வலிந்து திருகலாகாது, முறிந்துவிடும். மண்ணெண்ணெயில் ஓர் இரவு ஊறவிடுக. பின்பு அச்சின் நட்டைத் தளர்த்தி, இருபுறத் திருகுகளையும் சமமாகத் திருப்புக. ஒருபுறம் மட்டும் இழுத்தால் சில்லு கோணும், பற்சக்கரம் தேயும். சில்லைச் சுழற்றி, சங்கிலி மிக இறுகும் இடத்தில் ஏறத்தாழ 20 மில்லிமீற்றர் தொய்வு விடுக. தொய்வே கூடாதென எண்ணுவோர் பலர். ஆனால் ஆள் ஏறியதும் சங்கிலி மேலும் இறுகும், அறுந்தால் சில்லையே பூட்டிவிடவும் கூடும். பற்கள் கொக்கிபோல் வளைந்திருப்பின் திருகிப் பயனில்லை. சங்கிலியையும் இரு பற்சக்கரங்களையும் ஒருங்கே மாற்றுக.

சில்லு பின்னகர்ந்தமையால் பின் பிறேக்கும் இறுகியிருக்கும். அச்சின் நட்டை மீண்டும் இறுக்கி, பிறேக்கையும் சரிசெய்த பின்னரே கண்டி வீதியில் ஏறுக.