சைடு வெப்சைட் வச்சிருக்கீங்களா? இரண்டாவது வருஷத்துக் கணக்கைப் போடுங்க



"மாசம் 99 ரூபாய்க்கு உங்க சொந்த வெப்சைட்" என்ற விளம்பரத்தை நீங்க கண்டிப்பா பார்த்திருப்பீங்க. அதை நம்பி ஆரம்பிச்சவங்க நம்ம ஆளுங்கள்ல நிறைய பேர். ஒருத்தர் டிஎன்பிஎஸ்சி நோட்ஸ் போடுறார், ஒருத்தர் சமையல் எழுதுறார், இன்னொருத்தர் கோடிங் சொல்லித் தர்றார். கூடவே ஒரு டெலிகிராம் குரூப், ஒரு வாட்ஸ்அப் குரூப். சம்பளத்துக்கு மேல நாலு காசு வந்தா நல்லதுதானே என்ற நியாயமான ஆசை.

ஆனா ஒன்றரை வருஷம் கழிச்சு அவங்ககிட்ட "லாபமா நஷ்டமா?"ன்னு கேட்டா, பெரும்பாலும் பதில் வராது. கணக்கு எழுதி வச்சிருக்க மாட்டாங்க. மாச இஎம்ஐக்கு நாம பார்க்கிற கணக்கை, கிரெடிட் கார்டில் சத்தமில்லாம போகிற இந்தச் சின்னச் சின்ன தொகைகளுக்குப் பார்க்கிறதில்லை. இன்னைக்கு அந்தக் கணக்கைத்தான் உட்கார்ந்து போடப்போறோம்.

1. 99 ரூபாய்க்குப் பின்னாடி இருக்கிற விலை

மாசம் 99 ரூபாய் என்றால் மாசாமாசம் 99 கட்டலாம்னு அர்த்தம் இல்லை. பெரும்பாலும் 48 மாசத்துக்குச் சேர்த்துக் கட்டினால்தான் அந்த விலை. 99 × 48 = 4,752 ரூபாய். அதுக்கு மேல 18% ஜிஎஸ்டி. மொத்தம் 5,607 ரூபாய் ஒரே நாளில் போகும்.

ஒரு வருஷத்துக்கு மட்டும் எடுத்தா வேற கதை. உதாரணத்துக்கு, முதல் வருஷம் மாசம் 149 ரூபாய், ரினியூவலில் 449 ரூபாய்னு வச்சுக்குவோம். ஜிஎஸ்டியோட முதல் வருஷம் 2,110 ரூபாய். இரண்டாவது வருஷம் 6,358 ரூபாய். அதே சர்வர், அதே இடம், விலை மட்டும் மூணு மடங்கு. இது ஏமாத்து வேலையும் இல்லை. ரினியூவல் விலை அதே பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கும். நாம பெரிய எழுத்தை மட்டும் படிச்சிருப்போம்.

பணம் கட்டும் பக்கத்தில் இன்னொரு விஷயமும் பாருங்க. எஸ்எஸ்எல் சர்டிபிகேட், டொமைன் பிரைவசி, எஸ்இஓ டூல், பேக்அப் என்று சில ஐட்டங்கள் ஏற்கெனவே டிக் ஆகி இருக்கும். எஸ்எஸ்எல்லுக்குக் காசு கொடுக்கத் தேவையே இல்லை. "லெட்ஸ் என்கிரிப்ட்" இலவசமாகவே தருது, நல்ல ஹோஸ்டிங் கம்பெனிகள் அதைத் தானாகவே புதுப்பிக்கும். டொமைன் பிரைவசியும் பல இடங்களில் இலவசம். இந்த டிக்குகளை எடுத்தாலே பில் கணிசமா குறையும்.

2. ஆட்டோ ரினியூவல் ஆன் பண்ணியும் டொமைன் போயிடுமா?

போகலாம். நம்ம ஊர்ல இதுக்கு ஒரு தனிக் காரணம் இருக்கு. 2021 அக்டோபரில் இருந்து, கார்டில் தானாகப் பணம் எடுக்கிறதுக்கு ரிசர்வ் வங்கியின் இ-மேண்டேட் விதி இருக்கு. பணம் எடுக்க 24 மணி நேரம் முன்னாடி உங்களுக்குத் தகவல் வரணும். பொதுவா 15,000 ரூபாய்க்கு மேல் போனா ஒவ்வொரு தடவையும் ஓடிபி வேணும். நம்மளைப் பாதுகாக்கிற நல்ல விதிதான். ஆனா டொமைன் விற்கிற வெளிநாட்டுக் கம்பெனி இந்த மேண்டேட்டை ஒழுங்கா பதிவு பண்ணலைன்னா, ரினியூவல் அன்னைக்கு உங்க பேங்க் அந்தப் பேமெண்ட்டை நிராகரிச்சிடும். நீங்க ஆட்டோ ரினியூவல் ஆன்ல இருக்குன்னு நிம்மதியா இருப்பீங்க.

டாட் காம் மாதிரி டொமைன்களுக்கு, காலாவதிக்கு ஏறக்குறைய ஒரு மாசம் முன்னாடியும் ஒரு வாரம் முன்னாடியும் நினைவூட்டல் அனுப்பணும்னு ஐகான் அமைப்பின் விதி இருக்கு. அந்த மெயில் எங்க போகும்? நீங்க பதிவு பண்ணப்போ கொடுத்த ஐடிக்கு. அது காலேஜ் மெயிலாவோ பழைய கம்பெனி மெயிலாவோ இருந்தா முடிஞ்சது கதை.

காலாவதி ஆன பிறகு சில நாள், அதிகபட்சம் 45 நாள் வரை, சாதாரண விலையிலேயே புதுப்பிக்க வாய்ப்பு கிடைக்கலாம். எத்தனை நாள் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். அதுவும் தாண்டினா 30 நாள் "ரிடம்ப்ஷன்" காலம். அப்போ மீட்கணும்னா சாதாரண விலையோட பல மடங்கு கேட்பாங்க. அதுக்கப்புறம் 5 நாளில் பெயர் பொதுச்சந்தைக்கு வந்துடும், யார் வேணும்னாலும் எடுத்துக்கலாம்.

செய்ய வேண்டியது சின்ன வேலை. டொமைன் கணக்கில் இருக்கிற மெயில் ஐடியை இப்போ நீங்க தினமும் பார்க்கிற ஐடியா மாத்துங்க. காலாவதி தேதிக்கு 30 நாள் முன்னாடி போன் காலண்டரில் ஒரு ரிமைண்டர் போடுங்க. இலவசமா கிடைக்குதேன்னு கண்ட டொமைனை நம்பாதீங்க. டாட் டிகே மாதிரி டொமைன்களை வருஷக்கணக்கா இலவசமா கொடுத்த ஃப்ரீனம் கம்பெனி, 2023இல் புதுப் பதிவுகளை நிறுத்திட்டு, 2024இல் அந்தத் தொழிலை விட்டே விலகுறதா அறிவிச்சது.

3. டாலர் பில்லோட உண்மையான விலை

ஷேர்டு ஹோஸ்டிங் தாங்கலைன்னு மாசம் 12 டாலருக்கு ஒரு விபிஎஸ் எடுக்கிறீங்கன்னு வச்சுக்குவோம். டாலர் 90 ரூபாய்னு கணக்குப் போட்டா 1,080 ரூபாய். அதோட 18% ஜிஎஸ்டி சேர்ந்தா 1,274. உங்க கார்டில் வெளிநாட்டுச் செலவுக்கு 3.5% மார்க்கப் இருந்தா, அதுவும் அதுக்கான ஜிஎஸ்டியும் சேர்த்து இன்னும் 53 ரூபாய். கடைசியில் கையை விட்டுப் போறது 1,327 ரூபாய். வருஷத்துக்கு ஏறக்குறைய 15,900. நாம மனசில் வச்சிருந்தது 12,960.

மார்க்கப் குறைவான கார்டு இருந்தா அதைப் பயன்படுத்துங்க. ரூபாயிலேயே பில் போடுகிற சர்வீஸ் இருக்கான்னும் ஒரு தடவை பாருங்க.

4. உச்சவரம்பு இல்லாத பில்

இதுவரை சொன்னது எல்லாம் முன்கூட்டியே தெரிகிற செலவு. கிளவுட் சர்வரில் அப்படி இல்லை. மின்சார மீட்டர் மாதிரி, ஓடின அளவுக்குக் காசு. மீட்டரை ஓட்டுறது நீங்களாத்தான் இருக்கணும்னு இல்லை, முன்பின் தெரியாத யாரோவும் ஓட்டலாம்.

ஒரு உதாரணம். உங்க டிஎன்பிஎஸ்சி நோட்ஸ் பிடிஎஃப் 50 எம்பி. குரூப் 4 தேர்வு நேரத்தில் அந்த லிங்க் வாட்ஸ்அப்பில் பரவி 20,000 பேர் டவுன்லோட் பண்றாங்க. மொத்தம் 1,000 ஜிபி. அமேசானின் ஏடபிள்யூஎஸ் மும்பை சர்வரில் மாசம் 100 ஜிபி வெளியே போறது இலவசம், அதுக்கு மேல ஜிபிக்கு 0.1093 டாலர். மீதி 900 ஜிபிக்கு 98 டாலர், ஜிஎஸ்டியோட ரூபாயில் 10,000க்கு மேல. நாலு பேருக்கு உதவலாம்னு போட்ட ஃபைலுக்கு, சம்பளத்தில் கால்வாசி போகும்.

நிஜத்தில் நடந்ததும் இருக்கு. 2024 ஏப்ரலில் ஒரு டெவலப்பர், காலியா வச்சிருந்த தன்னோட எஸ்3 பக்கெட்டுக்கு 1,300 டாலருக்கு மேல் பில் வந்ததைப் பொதுவெளியில் எழுதினார். யாரோ அனுப்பின அனுமதியில்லாத ரிக்வெஸ்டுகளுக்கும் சேர்த்துக் காசு கணக்காயிருந்தது. அடுத்த மாசமே அமேசான் அந்த விதியை மாத்துச்சு. அதே வருஷம் பிப்ரவரியில் நெட்லிஃபையில் இலவசத் திட்டத்தில் இருந்த ஒரு சின்ன சைட்டுக்கு 1 லட்சம் டாலருக்கு மேல பில் போட்டாங்க. விஷயம் வெளியே வந்த பிறகு கம்பெனி அதைத் தள்ளுபடி பண்ணிடுச்சு. எல்லாருக்கும் அப்படித் தள்ளுபடி கிடைக்கும்னு நம்பி உட்கார முடியாது.

பட்ஜெட் அலர்ட் போட்டிருக்கேனேன்னு சொல்வீங்க. சாதாரணமா போடுற அலர்ட் ஒரு மெயில் மட்டும்தான். அது சர்வரை நிறுத்தாது, சில மணி நேரம் தாமதமாகவும் வரும். அதனால சம்பளக்காரர்களுக்கு என் பரிந்துரை இதுதான். பெரிய ஃபைல்களை கூகுள் டிரைவிலோ, டவுன்லோடுக்குக் காசு வாங்காத கிளவுட்ஃபிளேர் ஆர்2 மாதிரி இடத்திலோ வையுங்க. சைட்டுக்கு மாசம் இவ்வளவுதான் என்ற நிலையான விலைத் திட்டத்தை எடுங்க. லிமிட் தாண்டினா சைட் நிற்குமா, பில் ஏறுமா என்று வாங்கும் முன்னாடியே கேளுங்க. நிற்கும்னா நமக்கு நல்லது. சைட் ஒரு நாள் நின்னா யாருக்கும் பெருசா நஷ்டம் இல்லை.

5. பில்லில் வராத செலவு: உங்க நேரம்

ஆபீஸ் முடிஞ்சு வந்து லேப்டாப்பைத் திறந்தா எழுத நேரம் கிடைக்குதா? வேர்ட்பிரஸ் அப்டேட் பண்ணினா தீம் உடையுது. ஹோஸ்டிங் கம்பெனியைக் கேட்டா "பிளகின் பிரச்சினை சார்" என்பாங்க, பிளகின் போட்டவரைக் கேட்டா "ஹோஸ்டிங் பிரச்சினை" என்பார். லாக் ஃபைல் நிரம்பி டிஸ்க் ஃபுல். லாகின் பக்கத்தைத் தட்டிக்கிட்டே இருக்கிற பாட்டுகள். நூறு கமெண்ட் வந்திருந்தா பெரும்பாலும் ஸ்பேம்.

குரூப் இன்னும் மோசம். "வீட்டில் இருந்தே தினம் 5,000" என்று ஒருத்தர் லிங்க் போட்டுட்டுப் போவார். ராத்திரி நீங்க தூங்கினப்புறம் அதை ஒரு உறுப்பினர் கிளிக் பண்ணிப் பணத்தை விட்டா, உங்களை நம்பி வந்தவரோட பணம் அது. அதனால டெலிகிராமில் புதுசா வர்றவங்களுக்கு அட்மின் அனுமதி, லிங்க் தடை, ஸ்லோ மோட் மூணையும் ஆன் பண்ணுங்க. வாட்ஸ்அப்பில் அட்மின் மட்டும் பதிவிடும்படி வையுங்க. யாராவது ஏமாந்துட்டா உடனே 1930க்கு அழைக்கச் சொல்லுங்க. அந்த எண்ணைக் குரூப்பில் பின் பண்ணியே வச்சிடுங்க.

இப்போ கணக்குக்கு வருவோம். சம்பளம் 40,000 ரூபாய், மாசம் 22 நாள், நாளுக்கு 9 மணி நேரம் என்றால் உங்க ஒரு மணி நேரத்தோட விலை சுமார் 200 ரூபாய். சைட்டுக்கு வாரம் 4 மணி நேரம் போனா வருஷத்துக்கு 208 மணி நேரம், அதாவது 41,600 ரூபாய் மதிப்பு.

வரவு என்ன? ஆட்சென்ஸில் 100 டாலர் சேர்ந்தால்தான் பணம் வரும். வருஷத்துக்கு இரண்டு தடவை வந்ததுன்னு வச்சா 18,000 ரூபாய். ஹோஸ்டிங் 6,358, டொமைன் 1,500 போக மிச்சம் 10,142. அதை 208 மணி நேரத்தால் வகுத்தா மணிக்கு 49 ரூபாய்.

இதைப் பார்த்து உடனே சைட்டை மூடணும்னு சொல்லலை. அந்த 208 மணி நேரத்தில் லினக்ஸ் கத்துக்கிட்டு அதை வச்சு அடுத்த வேலைக்குப் போனவங்களும் இருக்காங்க. உங்க நோட்ஸ் படிச்சு ஒருத்தர் தேர்வு எழுதுறது காசில் அடங்காத சந்தோஷம். ஆனா அந்த நேரத்தில் எவ்வளவு எழுதுறதுக்குப் போச்சு, எவ்வளவு சர்வரைத் துடைக்கிறதுக்குப் போச்சுன்னு பிரிச்சுப் பாருங்க. பாதிக்கு மேல பராமரிப்புன்னா, அமைப்பை மாத்த வேண்டிய நேரம் வந்தாச்சு.

6. வரி விஷயத்தை மறந்துடாதீங்க

வெளிநாட்டில் இருந்து வரும் விளம்பரப் பணத்தில் பல நேரம் டிடிஎஸ் பிடிச்சிருக்க மாட்டாங்க. அதனால வரி கிடையாதுன்னு அர்த்தம் இல்லை. இதை வணிக வருமானமா காட்டினா ஐடிஆர்-1 போட முடியாது, ஐடிஆர்-3 அல்லது ஐடிஆர்-4 வரும். ஐடிஆர்-3இல் கணக்கு எழுதிக் காட்டினா ஹோஸ்டிங், டொமைன் செலவுகளைக் கழிச்சுக்கலாம். அதுக்கு பில் உங்க பெயரில் இருக்கணும், அந்த மெயில்களை அழிச்சிடாதீங்க. டிடிஎஸ் போக வருஷ வரி 10,000 ரூபாய் அல்லது அதுக்கு மேல வந்தா அட்வான்ஸ் டாக்ஸும் கட்டணும். தொகை பெருசா இருந்தா ஒரு ஆடிட்டரைப் பாருங்க.

இந்த வார இறுதியில் செய்ய வேண்டியவை

ஒரு எக்செல் ஷீட் திறங்க. கடந்த 12 மாச கார்டு ஸ்டேட்மெண்ட்டை எடுத்து, சைட்டுக்காகப் போன ஒவ்வொரு ரூபாயையும் எழுதுங்க. பக்கத்திலேயே ரினியூவல் தேதியும் ரினியூவல் விலையும். பயன்படுத்தாத டொமைன் இருந்தா ஆட்டோ ரினியூவலை நிறுத்துங்க.

அடுத்து ஒரு வருஷ உச்சவரம்பு வையுங்க. சைட்டில் இருந்து வருமானம் வரும்வரை, ஒரு மாச சம்பளத்தில் 10% தாண்டக்கூடாதுன்னு வைக்கலாம். 40,000 சம்பளத்துக்கு வருஷம் 4,000. இதுக்குள்ள அடங்கலைன்னா, பிளாக்கர் மாதிரி இலவச இடத்துக்கு மாறி டொமைனுக்கு மட்டும் காசு கட்டலாம். டேட்டாபேஸ் இல்லாத ஸ்டாடிக் சைட்டாவும் மாத்தலாம். அப்போ அப்டேட் தொல்லையும் பெரும்பாலும் போயிடும்.

ஒருவேளை மூடுறதுன்னே முடிவு பண்ணினா, திடீர்னு மூடாதீங்க. முழு பேக்அப்பை உங்க கம்ப்யூட்டரில் இறக்கி வையுங்க. குரூப்பில் ஒரு மாசம் முன்னாடி சொல்லுங்க, நோட்ஸை டிரைவில் போட்டு லிங்க் கொடுங்க. டொமைனை மட்டும் இன்னும் ஒரு வருஷம் புதுப்பிச்சு வச்சுக்கோங்க. பழைய பெயரை வேற யாராவது எடுத்து சூதாட்ட சைட் நடத்தினா, உங்களை நம்பி அந்த லிங்கைத் திறக்கிறவங்கதான் அங்க போய் நிற்பாங்க.

கணக்கைப் போட்டுப் பார்த்துட்டு முடிவெடுங்க.