ஃப்ளைட் கேன்சல்... கப்பல் காத்திருக்குமா? குடும்பத்தோட சொகுசுக் கப்பல் பயணம் போறவங்க கவனத்துக்கு!

மகன் துபாயில், மகள் பெங்களூருவில், அப்பா அம்மா ஊத்துக்கோட்டையில். எல்லோரும் துறைமுகத்தில் ஒன்று சேர்ந்து ஒரே கப்பலில் ஏற வேண்டும் என்பது திட்டம். லீவு போட்டாச்சு, கேபின் புக் பண்ணியாச்சு, பணமும் கட்டியாச்சு. கடைசி நேரத்தில் மகனுக்கு ஒரு மெசேஜ் வருகிறது: 'உங்கள் விமானம் ரத்து செய்யப்பட்டது.'

இப்போது என்ன ஆகும்? கப்பல் காத்திருக்குமா? கட்டிய பணம் திரும்புமா? அப்பா அம்மா மட்டும் தனியாக ஏறுவதா, இறங்கி வீட்டுக்குத் திரும்புவதா?

முதல் கேள்விக்குப் பதில் சுலபம். கப்பல் காத்திருக்காது.

கப்பல் ஏன் நிற்பதில்லை?

பஸ் ஸ்டாண்டில் கண்டக்டரிடம் 'அண்ணே, ரெண்டு நிமிஷம்' என்று சொல்வது போல கப்பலில் சொல்ல முடியாது. ஒரு பெரிய கப்பல் கிளம்ப வேண்டுமென்றால் துறைமுகம் அதற்கு நேரம் ஒதுக்க வேண்டும். வழிகாட்டும் பைலட் ஏற வேண்டும், இழுவைப் படகுகள் வர வேண்டும். அந்த நேரம் போனால் அடுத்த துறைமுகத்தில் வாங்கி வைத்திருக்கும் நேரமும் போய்விடும்.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. டிக்கெட்டில் போட்டிருப்பது கப்பல் கிளம்பும் நேரம். செக்-இன் கவுன்டர் பெரும்பாலும் அதற்கு ஒன்றிலிருந்து இரண்டு மணி நேரம் முன்பே மூடிவிடும். பயணிகள் பட்டியல் குடியேற்றத் துறைக்கும் துறைமுகத்துக்கும் போய்விட்டால் அதற்குப் பிறகு பெயர் சேர்ப்பது சிரமம். மாலை 5 மணிக்குக் கப்பல் என்றால் மதியம் 3 மணிக்கே உங்களுக்குக் கதவு சாத்தியாச்சு என்று நினைத்துக்கொள்வது நல்லது.

தமிழ்நாட்டுக்கு இது புதுசு இல்லை

2022 ஜூன் 4 அன்று சென்னைத் துறைமுகத்தில் இருந்து 'எம்ப்ரஸ்' சொகுசுக் கப்பலை முதல்வர் மு.க.ஸ்டாலின் கொடியசைத்துத் தொடங்கி வைத்தார். கார்டிலியா நிறுவனத்தின் கப்பல் அது. அடுத்த ஆண்டு ஜூன் மாதம் அதே கப்பல் சென்னையில் இருந்து இலங்கையின் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறைக்குப் போனது. சென்னையில் இருந்து வருஷம் முழுக்கக் கப்பல் கிடைக்காது என்பதால், டிசம்பர் லீவுக்குப் போகிறவர்கள் மும்பைக்கோ சிங்கப்பூருக்கோ பறந்து போய்க் கப்பல் ஏற வேண்டியிருக்கும். சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

ஏனென்றால் டிசம்பர் என்றாலே சென்னை விமான நிலையத்துக்குக் கண்டம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் ஓடுபாதை மூழ்கி விமான நிலையம் பல நாட்கள் மூடப்பட்டது; அரக்கோணம் கடற்படை விமானத் தளத்தில் இருந்து பயணிகள் விமானங்களை இயக்க வேண்டி வந்தது. 2023 டிசம்பர் 4-ம் தேதி மிக்ஜாம் புயலில் மூடி, மறுநாள் காலைதான் திறந்தார்கள். 2024 நவம்பர் 30-ம் தேதி ஃபெஞ்சல் புயலுக்கு மறுபடியும் மூடல். அடையாறு ஆறு ஓடுபாதைக்கு அடியிலேயே ஓடுகிற விமான நிலையம் அது, வேறென்ன எதிர்பார்ப்பது?

2025 டிசம்பரில் மழைகூடத் தேவைப்படவில்லை. விமானிகளின் பணிநேரம், ஓய்வு குறித்த புதிய விதிகளின் இரண்டாம் கட்டம் நவம்பர் 1 முதல் அமலுக்கு வந்தது. அதற்கேற்ற ஆள் திட்டமிடல் இல்லாததால் இண்டிகோ விமானங்கள் நாடு முழுவதும் ரத்தாயின. டிசம்பர் 5 அன்று ஒரே நாளில் 1,000-க்கும் மேல். மற்ற நிறுவனங்களின் டிக்கெட் விலை தாறுமாறாக ஏற, மத்திய அரசு கட்டணத்துக்கு உச்சவரம்பு வைக்க வேண்டி வந்தது. வானம் தெளிவாக இருக்கிறது என்பதற்காக ஃப்ளைட் கண்டிப்பாகக் கிளம்பும் என்று நம்ப முடியாது என்பதை அந்த வாரம் காட்டிவிட்டது.

விமான நிறுவனம் என்ன தர வேண்டும்?

சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதி தெளிவாக இருக்கிறது. விமானம் ரத்தானால் மாற்று விமானம் அல்லது முழுப் பணம், இரண்டில் எது வேண்டும் என்பது பயணியின் விருப்பம். கவுன்டரில் இருப்பவர் 'ரீஃபண்ட் மட்டும்தான் சார்' என்று சொன்னால் அப்படியே திரும்பி வந்துவிடாதீங்க. கப்பலைப் பிடிக்க வேண்டியவருக்கு ரீஃபண்டால் ஒரு பயனும் இல்லை, அவருக்குத் தேவை மாற்று விமானம். அதைக் கேளுங்க.

ரத்தாவதை 24 மணி நேரத்துக்கு முன்பாகச் சொல்லவில்லை என்றால் இழப்பீடும் உண்டு. ஒரு மணி நேரத்துக்குள் போகும் விமானத்துக்கு 5,000 ரூபாய், இரண்டு மணி நேரம் வரை 7,500, அதற்கு மேல் 10,000. அல்லது ஒருவழி அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை. இதில் எது குறைவோ அதுதான் கிடைக்கும். புயல், வெள்ளம் போல நிறுவனத்தின் கைமீறிய காரணம் என்றால் இந்த இழப்பீடு கிடையாது. துபாயில் இருந்து வருகிறவர் வெளிநாட்டு நிறுவன விமானத்தில் வந்தால் அந்த நாட்டு விதிகள் பொருந்தலாம், டிக்கெட் நிபந்தனையைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தாமதம் என்றால் கணக்கு வேறு. இரண்டரை மணி நேரத்துக்குள் போகும் விமானம் 2 மணி நேரம் தாமதமானாலே சாப்பாடு தர வேண்டும். 6 மணி நேரத்துக்கு மேல் தாமதம் என்றால் மாற்று விமானமோ முழுப் பணமோ கேட்கலாம். 24 மணி நேரத்தைத் தாண்டினால் ஓட்டல் அறை. இரவு 8 மணி முதல் அதிகாலை 3 மணிக்குள் கிளம்ப வேண்டிய விமானம் என்றால் 6 மணி நேரத் தாமதத்துக்கே அறை உண்டு.

இவ்வளவும் ஃப்ளைட் டிக்கெட்டுக்கு மட்டும்தான். 'உங்களால கப்பலை விட்டுட்டேன், கேபின் காசு கொடுங்க' என்று விமான நிறுவனத்திடம் கவுன்டரில் கேட்டால் கிடைக்காது. அவர்கள் கணக்கில் உங்கள் பயணம் சென்னையோடு முடிந்தது. கப்பல் நிறுவனத்தின் கணக்கில் நீங்கள் 'வராத பயணி'. அதற்குப் பெரும்பாலும் ரீஃபண்ட் இல்லை. நடுவில் மாட்டிக்கொள்வது குடும்பம்தான்.

இந்த இடைவெளியை அடைக்க இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, விமானமும் கப்பலும் சேர்ந்த பேக்கேஜ் எடுப்பது. அப்படி எடுத்தால் மாற்று ஏற்பாடு யார் பொறுப்பு என்பதை எழுத்தில் வாங்க வேண்டும். இன்னொன்று பயணக் காப்பீடு. பாலிசியில் 'பயணத் தாமதம்' என்று மட்டும் இருந்தால் கைச்செலவுக்கு ஒரு சிறு தொகைதான் வரும். 'இணைப்புப் பயணத்தைத் தவறவிடுதல்' என்ற பிரிவு இருக்கிறதா, அதில் கப்பலும் சேருமா என்று வாங்குவதற்கு முன்பே கேட்டுடுங்க. புயலுக்குப் பெயர் வைத்த பிறகு பாலிசி எடுத்தால் அந்தப் புயலுக்குப் பணம் கிடைப்பது கஷ்டம்.

ஊத்துக்கோட்டையில் இருந்து கிளம்புவோருக்கு

ஃப்ளைட்டைப் பற்றியே பேசுகிறோம், வீட்டு வாசலில் இருந்து ரோடும் ஒரு பிரச்னைதான். ஆந்திராவில் பிச்சாட்டூர் ஏரியைத் திறந்தால் ஆரணி ஆற்றில் தண்ணீர் பாய்ந்து வரும். ஊத்துக்கோட்டை தரைப்பாலம் மூழ்கிப் போக்குவரத்து நின்ற மழைக்காலங்கள் இந்தப் பக்கத்து மக்களுக்கு மறந்திருக்காது. பெரியபாளையம் வழியாகச் சென்னைக்குள் நுழைவதற்குள் செங்குன்றம் டிராஃபிக் வேறு.

இந்த ஊருக்கு ஒரு வசதியும் உண்டு. நாகலாபுரம், புத்தூர் வழியாகப் போனால் ரேணிகுண்டாவில் உள்ள திருப்பதி விமான நிலையம். மீனம்பாக்கத்தைவிடக் கொஞ்சம் தூரம்தான் கூடுதல். சென்னையில் மழை என்று ஓடுபாதையை மூடினால், திருப்பதியில் இருந்து ஹைதராபாத் போய் அங்கிருந்து மும்பைக்குப் போக முடியுமா என்று அப்போதே தேடிப் பார்க்கலாம். சென்னையிலேயே கப்பல் ஏறுவதாக இருந்து, வெளியூரில் இருந்து வருகிறவர் மீனம்பாக்கத்தில் தாமதமாக இறங்கினால் டாக்ஸியைவிட மெட்ரோ நல்லது. விமான நிலையத்தில் ஏறினால் வண்டி மாறாமல் மண்ணடி வரை வந்துவிடலாம். துறைமுகம் அங்கிருந்து பக்கம்தான்.

முக்கியமானது ஒரு நாள் இடைவெளி. கப்பல் கிளம்பும் நாளிலேயே இறங்கும்படி ஃப்ளைட் எடுக்காதீங்க. ஓட்டல் செலவு கூடும்தான், ஆனால் நான்கு பேர் கேபின் காசோடு ஒப்பிட்டால் அது சின்னத் தொகை. சிங்கப்பூர் போகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அங்கே நேரம் நம்மைவிட இரண்டரை மணி முன்னால் ஓடுகிறது. இரவு ஃப்ளைட் பிடித்துக் காலையில் இறங்கி மதியம் கப்பல் ஏறும் திட்டத்தில் 4 மணி நேரத் தாமதம் வந்தாலே கதை முடிந்தது. கப்பல் பினாங்கு போய்விட்டுத் திரும்பி சிங்கப்பூரிலேயே இறக்கிவிடும் என்றால், ஒருமுறை நுழைவு விசா போதாது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்க.

ஒருத்தர் வரலைன்னா?

இதுதான் துறைமுக வாசலில் நின்று முடிவெடுக்கக் கூடாத கேள்வி. மகன் வரவில்லை என்று அப்பா அம்மாவும் இறங்கிவிட்டால் மூன்று பேர் காசும் போகும். ஏறிவிட்டால் அவன் அடுத்த துறைமுகத்தில் வந்து சேர வாய்ப்பு இருக்கிறதா என்று பார்க்கலாம். அதற்குக் கப்பல் நிறுவனத்தின் முன் அனுமதி வேண்டும், வேறு நாடு என்றால் விசா வேண்டும். அடுத்த துறைமுகமும் உறுதி இல்லை: 2022 ஜூனில் புதுச்சேரி அரசு அனுமதி தராததால் எம்ப்ரஸ் பயணிகள் அங்கே இறங்க முடியாமல் போனது.

ஆகவே டிக்கெட் எடுக்கும் நாளிலேயே பேசி வைத்துக்கொள்வது உத்தமம். யார் வராவிட்டாலும் மற்றவர்கள் ஏறுவதா, இல்லையா? எல்லோருடைய பாஸ்போர்ட்டும் புக்கிங் நகலும் ஒரே ஆள் கைப்பையில் இருக்கக் கூடாது. வயதான பெற்றோர் பாஸ்போர்ட்டை மகன் வாங்கி வைத்துக்கொண்டு அவன் ஃப்ளைட் ரத்தானால், துறைமுகத்தில் நிற்கிற அவர்களாலும் ஏற முடியாது. அப்பாவின் போனில் கப்பல் நிறுவன எண்ணும் இருக்கட்டும். தாமதம் தெரிந்த நிமிஷமே அந்த எண்ணுக்குச் சொல்ல வேண்டும், கதவு மூடிய பிறகு சொல்லி ஒன்றும் ஆகாது.

புகார் எங்கே?

முதலில் விமான நிறுவனத்துக்கு எழுத்தில் புகார். பதில் சரியில்லை என்றால் மத்திய அரசின் ஏர்சேவா தளம், அல்லது 1915 நுகர்வோர் உதவி எண். அதற்கும் மேலே நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நிறுவனத்தின் தலைமை அலுவலகம் டெல்லியில் இருந்தாலும், குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். ஊத்துக்கோட்டைக்காரர்களுக்கு அது திருவள்ளூர் மாவட்ட ஆணையம். இரண்டு ஆண்டுகளுக்குள் போட வேண்டும். கேபின் காசு போனது, மன உளைச்சல் என்று கவுன்டரில் கேட்க முடியாததை எல்லாம் அங்கே கேட்கலாம். ரத்தான மெசேஜின் ஸ்கிரீன்ஷாட், போர்டிங் பாஸ், கப்பல் டிக்கெட், டாக்ஸி பில் வரை எதையும் அழித்துவிடாதீங்க.