கோவிலை இழந்த தேவி வீடு தேடி வந்தாள்!

2008-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 31-ந்தேதி. ஞாயிற்றுக்கிழமை.

கிரேக்க நாட்டின் தலைநகரம் ஏதென்ஸ். அதன் நடுவே ஒரு பாறைக் குன்று. பெயர் அக்ரோபோலிஸ். குன்றின் உச்சியில் இடிந்து கிடக்கும் பளிங்குக் கோவில்களுக்கு நடுவே ஒரு கூட்டம் கூடியது. அவர்கள் சுற்றிப்பார்க்க வந்தவர்கள் அல்ல. சாமி கும்பிட வந்தவர்கள்!

அவர்கள் வணங்கிய தெய்வம், அதீனா. கூட்டத்துக்குத் தலைமை தாங்கியவர் டொரெட்டா பெப்பா என்ற பெண் எழுத்தாளர். அவரே பூசாரி.

அவர்களுக்கு ஒரே ஒரு வேண்டுதல்தான். கோவிலின் பழைய சிற்பங்களைக் கீழே புதிய பொருட்காட்சி சாலைக்குக் கொண்டு போகிறார்கள். அது கூடாது. தேவிதான் தன் இடத்தைக் காப்பாற்ற வேண்டும்.

யார் இந்த அதீனா?

அறிவுக்கு அதிபதி. போருக்கும் அவளே. நெசவு, மண்பாண்டம், தச்சு எல்லாம் அவள் கற்றுக்கொடுத்தவை என்று கிரேக்கர்கள் நம்பினார்கள். ஒலிவ மரத்தை அந்த ஊருக்குக் கொடுத்தவளும் அவளே. அவளுடைய பெயரைத்தான் ஊர் தாங்கி நிற்கிறது.

கி.மு. 447-ல் அவளுக்குப் பெரிய கோவில் கட்டத் தொடங்கினார்கள். அதுதான் பார்த்தெனான். உள்ளே பிடியாஸ் என்ற சிற்பி செய்த சிலை நின்றது. உயரம் சுமார் 40 அடி. முகமும் கைகளும் தந்தம். உடையெல்லாம் தங்கம்! ஒரு டன்னுக்குக் குறையாத தங்கம் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். நாட்டுக்கு ஆபத்து வந்தால் கழற்றி எடுத்துச் செலவு செய்யலாம், பிறகு திருப்பி வைத்துவிட வேண்டும் என்று ஓர் ஏற்பாடும் இருந்தது.

ஆண்டுதோறும் கோடைகாலத்தில் திருவிழா. ஊர்ப் பெண்கள் மாதக்கணக்கில் நெய்த ஆடையை ஊர்வலமாக எடுத்துச்சென்று தேவிக்குச் சாத்துவார்கள். தங்கச் சிலைக்கு அல்ல. ஒலிவ மரத்தால் ஆன மிகப் பழைய சிறு சிலைக்கு!

கனவில் வந்த பெண்

காலம் மாறியது. ரோமப் பேரரசு கிறிஸ்தவ மதத்தைத் தழுவியது. 391, 392-ம் ஆண்டுகளில் பேரரசர் தியோடோசியஸ் பழைய தெய்வ வழிபாட்டுக்குத் தடை போட்டார்.

அதற்குப் பிறகு ஏதென்சுக்கு ஓர் இளைஞன் படிக்க வந்தான். பெயர் புரோக்ளஸ். வந்த அன்று மாலையே குன்றின்மேல் ஏறினான். காவல்காரன் வாசலைப் பூட்டப்போகும் நேரம். "நீ வராமல் இருந்திருந்தால் பூட்டியிருப்பேன்" என்ற பொருளில் அவன் ஏதோ சொன்னான். சாதாரணப் பேச்சுதான். ஆனால் பின்னாளில் அதையே நல்ல சகுனமாகச் சொன்னார்கள்.

புரோக்ளஸ் பெரிய தத்துவ ஆசிரியர் ஆனார். மணம் செய்துகொள்ளவில்லை. பெரும்பாலும் புலால் தொடமாட்டார். குன்றின் அடிவாரத்தில் வீடு. ஊரார் கண்ணில் படாமல் பழைய தெய்வங்களைக் கும்பிட்டு வந்தார். எதிர்ப்பு முற்றியதால் ஓர் ஆண்டு ஊரை விட்டே போய் இருந்தார்.

ஒருநாள் பார்த்தெனானில் இருந்த தேவியின் சிலையை அப்புறப்படுத்திவிட்டார்கள்.

அந்தச் சமயத்தில் அவர் ஒரு கனவு கண்டார். அழகிய பெண் ஒருத்தி வந்தாள். "சீக்கிரம் வீட்டை ஒழுங்கு செய்! ஏதென்ஸ் தலைவி உன்னோடு தங்க விரும்புகிறாள்" என்னும்படியாகச் செய்தி சொல்லிவிட்டு மறைந்தாள்.

இதை எழுதி வைத்தவர் அவருடைய மாணவர் மரினஸ். கி.பி. 485-ல் குரு இறந்த பிறகு அவருடைய வாழ்க்கை வரலாற்றை மரினஸ் எழுதினார். கனவு நடந்ததோ இல்லையோ, கோவில் பறிபோன ஒரு பக்தனின் மனம் அதில் அப்படியே தெரிகிறது.

பார்த்தெனான் பின்னர் மாதா கோவில் ஆயிற்று. துருக்கியர் காலத்தில் மசூதி ஆயிற்று. 1687-ல் அதற்குள் வெடிமருந்து வைத்திருந்தபோது வெனிஸ் படையின் குண்டு விழுந்து நடுப்பகுதி சிதறியது.

இன்றைய பக்தர்கள்

இப்போது கிரேக்கத்திலும் அமெரிக்காவிலும் வேறு பல நாடுகளிலும் அதீனாவை வணங்குகிறவர்கள் இருக்கிறார்கள். பழங்கால உடை உடுத்தி அவர்கள் விழா நடத்தினால் படம் பிடிக்கக் கூட்டம் கூடுகிறது. சிலர் சிரிக்கிறார்கள். பாதிரிமார்கள் கண்டிக்கிறார்கள். ஆனால் உண்மையான பூசை அங்கே நடப்பதில்லை. வீட்டுக்குள் நடக்கிறது!

ஓர் அலமாரித் தட்டு போதும். அதில் சின்னச் சிலை, ஒரு விளக்கு. எரிகிற குச்சியைத் தண்ணீரில் அணைத்து, அந்தத் தண்ணீரில் கை கழுவுகிறார்கள். சாம்பிராணி புகைகிறது. கொஞ்சம் வாற்கோதுமை தூவுகிறார்கள். ஒலிவ எண்ணெய், தேன், திராட்சை மது இவற்றில் ஒன்றைக் கிண்ணத்தில் வார்க்கிறார்கள். பழைய துதிப்பாடல் ஒன்றைச் சொல்கிறார்கள். பிறகு, தங்கள் சொந்த வார்த்தையில் வேண்டுகிறார்கள். பரீட்சைக்குப் படிப்பவர் தெளிவு கேட்கிறார். நெசவும் தையலும் தெரிந்தவர்கள் தங்கள் கைவேலையையே காணிக்கையாக வைக்கிறார்கள்.

கிரேக்கத்தில் இவர்களுக்குச் சட்டத்தின் பாதுகாப்பு எளிதில் கிடைக்கவில்லை. 2007-ம் ஆண்டு ஜனவரியில் பெப்பாவின் குழுவினர் ஏதென்சில் உள்ள சீயஸ் கோவில் இடிபாடுகளுக்குப் பக்கத்தில் வழிபட்டார்கள். கலாசார அமைச்சகம் அனுமதி மறுத்தும் நடத்தினார்கள். பத்து ஆண்டுகள் கழித்து, 2017-ல்தான் அரசு இந்தப் பழைய சமயத்தை 'அறியப்பட்ட மதம்' என்று ஏற்றது. வழிபாட்டு இடம் திறக்கவும், திருமணம் நடத்தி வைக்கவும் வழி பிறந்தது.

சிற்பங்கள் என்ன ஆயின?

2008-ல் செய்த வேண்டுதல் பலிக்கவில்லை. சிற்பங்கள் கீழே வந்துவிட்டன. 2009-ம் ஆண்டு ஜூன் மாதம் பொருட்காட்சி சாலை திறக்கப்பட்டது.

குன்றுக்கும் அந்தப் பொருட்காட்சி சாலைக்கும் நடுவே ஒரு வீதி போகிறது. 1955-ல் அங்கே தோண்டியபோது ஒரு பழைய பெரிய வீடு அகப்பட்டது. பூசை மாடமும் இருந்தது. அது புரோக்ளசின் வீடுதான் என்று ஆராய்ச்சியாளர்கள் சிலர் நம்புகிறார்கள். உறுதி இல்லை என்பவர்களும் உண்டு. வீட்டை மறுபடி மூடிவிட்டார்கள். கீழே இறங்கிய சிற்பங்களைப் பார்க்கப் போகிறவர்கள் இன்று அந்த வீதியில்தான் நடந்து போகிறார்கள்.