தனிநபர் கடனுக்குக் கடிவாளம்: 'இடர் எடை' செயல்படுவது எப்படி?

வளரும் நாடுகளில் பொருளாதாரம் ஏறுமுகத்தில் இருக்கும்போது குடும்பங்களும் நிறுவனங்களும் தாராளமாகக் கடன் பெறுகின்றன. வங்கிகளும் தயங்காமல் வழங்குகின்றன. வளர்ச்சி தளரும்போதுதான் அவற்றுள் வாராக் கடன்கள் எவை என்பது தெரியவருகிறது. எனவே, நல்ல காலத்திலேயே வேகத்தைக் கட்டுப்படுத்துவது அவசியமாகிறது.

அடமானமற்ற தனிநபர் கடன்கள் வேகமாகப் பெருகியதால், 2023 நவம்பர் 16 அன்று இந்திய ரிசர்வ் வங்கி அவற்றின் இடர் எடையை 100 சதவீதத்திலிருந்து 125 சதவீதமாக உயர்த்தியது. 9 சதவீதக் குறைந்தபட்ச மூலதன விதிப்படி, 100 ரூபாய் கடனுக்கு வங்கி வைத்திருக்க வேண்டிய மூலதனம் 9 ரூபாயிலிருந்து 11.25 ரூபாயானது. வீடு, கல்வி, வாகன, நகைக் கடன்களுக்கு விலக்கு அளிக்கப்பட்டது.

கூடுதல் மூலதனம் தேவைப்படுவதால் வங்கிகள் இத்தகைய கடன்களைக் குறைக்கவோ, வட்டியை உயர்த்தவோ முற்படும்.