இலக்கம் இல்லாத ‘லை’

இலங்கையின் ருவான்வெல்லை ரப்பர்த் தோட்டங்களுக்கு அந்தக் காலத்தில் இந்தியாவிலிருந்து வந்த கடித உறைகளில், ஊர்ப்பெயரின் கடைசி எழுத்து தும்பிக்கையோடு இருக்கும். லை, ணை, ளை, னை நான்குக்கும் இருந்த அந்தச் சுருளை 1978 ஒக்டோபரில் தமிழக அரசின் ஆணை நீக்கியது. இலங்கை அச்சகங்களும் மெல்லப் பழகிக்கொண்டன. ரப்பர் பால் வெட்டி ஓய்ந்த பெரியவர்கள் சிலர் மட்டும் கையெழுத்தில் அதை விடவில்லை. எனக்கும் அந்த வடிவம்தான் அழகு.

பிறகு கொம்பியூட்டர் வந்தது, கூடவே பாமினி என்ற எழுத்துரு, எங்கள் பேச்சில் பொண்டு. கோயில் திருவிழா நோட்டீஸ், மரணாதார சங்கத்து அறிவித்தல், பிரதேச செயலகத்துக்கு மனு எல்லாம் பாமினியில்தான் அடிபட்டன. அந்தப் பொண்டுக்குள் தமிழ் என்று எதுவும் கிடையாது. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களை உட்கார வைத்திருந்தார்கள், அவ்வளவுதான். ‘இலங்கை’ என்று அடித்தால் கோப்பில் பதிவது கமா, வை, கியூ, அரைப்புள்ளி, ஐ, எஃப். பாமினி இல்லாத கொம்பியூட்டரில் திறந்தால் கண்ணுக்குத் தெரிவதும் அதேதான். நோட்டீஸைக் கொழும்பு அச்சகத்துக்கு அனுப்புகிறவர் பொண்டையும் சேர்த்துப் பிளொப்பியில் போட்டு அனுப்ப வேண்டும்.

இத்தனைக்கும் உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் தனித்தனி இலக்கம் கொடுக்கும் யூனிகோடில் தமிழுக்கு 1991இலேயே இடம் கிடைத்துவிட்டது. சிங்களம் 1999இல், மூன்றாம் பதிப்பில்தான் உள்ளே வந்தது. எத்தியோப்பிய எழுத்து வந்ததும் அதே பதிப்பில்தான். எட்டு வருடம் முந்திக்கொண்டும் தமிழுக்கு லாபமில்லை. விண்டோஸ் அதை ஒழுங்காகக் காட்டத் தொடங்கியது 2000ஆம் ஆண்டுப் பதிப்பில்.

தாமதத்துக்கு ஒரு காரணம் எழுத்தை வெட்டிய விதம். ‘ல’வுக்கு இலக்கம் 2994, ஐகாரக் குறிக்கு 3016. ‘லை’க்கென்று தனி இலக்கம் கிடையாது, இரண்டையும் கோத்தால்தான் உண்டு. அதிலும் கண்ணுக்கு முன்னால் நிற்கும் குறி, கோப்பில் ‘ல’வுக்குப் பின்னால் கிடக்கும். திரையில் இடம் மாற்றிக் காட்ட வேறொரு நிரல் வேண்டும். எத்தியோப்பியருக்கு இந்தப் பாடே இல்லை. அவர்களுடைய ‘ல’ 4616, ‘லூ’ 4617, ‘லீ’ 4618 என்று ஒவ்வோர் உயிர்மெய்க்கும் தனி இலக்கம். 300க்கு மேற்பட்ட இலக்கங்களை வாங்கிக்கொண்டார்கள். இந்தியத் தர நிர்ணயமான இஸ்கியின் அச்சில் வார்க்கப்பட்ட தமிழுக்கு ஒதுக்கியதே 128 இடம்தான். அதில் இன்றைக்கு நிரம்பியிருப்பது 72.

நமக்கும் அப்படி வேண்டும் என்று கேட்டவர்கள் உண்டு. அவர்கள் உருவாக்கிய டேஸ்-16 குறிமுறையை 2010 ஜூனில் தமிழக அரசு யூனிகோடோடு சேர்த்து ஏற்றுக்கொண்டது. உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் இலக்கம் இருந்தது. ஆனால் அவை யூனிகோடின் தனிப்பயன் பகுதியில் இருந்தன. வெளியிலுள்ள கைப்பேசிக்கு அவை எதுவென்று தெரியாது. கொடுத்த இலக்கத்தை யூனிகோடு மாற்றுவதும் இல்லை. நல்ல திட்டம்தான், இருபது வருடம் பிந்திப் போனது.

இன்று தோட்ட லயத்துப் பிள்ளைகள் இதையெல்லாம் யோசிப்பதில்லை. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் பிரிந்து இந்தியா போன உறவுகளின் பேரப்பிள்ளைகளுக்கு வட்ஸ்அப்பில் தமிழிலேயே எழுதுகிறார்கள். பொண்டு கூடப் போக வேண்டியதில்லை. தடுமாறுவது பாமினியில் விரல் பழகியவர்கள். அதில் கண்ணில் படும் வரிசையில்தான் தட்ட வேண்டும், முதலில் ஒற்றைக்கொம்பு, அப்புறம் ‘வ’. கைப்பேசியில் ‘வ’ முந்திவிடுகிறது. ‘வெல்லை’ என்று எழுதி முடிப்பதற்குள் அவர்களுக்கு இரண்டு சறுக்கல்.

இலங்கைக்கென்று தமிழ்க் கணினித் தரம், எஸ்.எல்.எஸ். 1326, 2008இல் வந்தது. அதற்குப் பிறகும் பாமினி போகவில்லை. கண்ணுக்குத் தமிழாக இருக்கிற சுற்றறிக்கையில் ‘ருவான்வெல்லை’ என்று தேடினால் ஒன்றும் அகப்படாது. கோப்பு கையில் இருந்தால் மாற்றி நிரலில் போட்டு யூனிகோடாக்கிவிடலாம். வெறும் அச்சுத்தாளாக மிஞ்சியிருப்பவற்றைத் திரும்ப ஒருவர் உட்கார்ந்து அடிக்கத்தான் வேண்டும், அல்லது ஸ்கேன் செய்து எழுத்துணரியிடம் கொடுத்துவிட்டு, அது விட்ட பிழைகளைத் திருத்த வேண்டும்.