ஆணி ஏன் பாதியில் நிற்கிறது?

மயிலாப்பூரிலோ தியாகராய நகரிலோ தச்சர்கள் காற்றழுத்தத் துப்பாக்கியால் ‘டப், டப்’ என்று ஆணி அடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். கம்ப்ரசரிலிருந்து வரும் காற்று, சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 7 கிலோகிராம் அழுத்தத்தில் பிஸ்டனைத் தள்ளுகிறது. பிஸ்டனின் பரப்பு 10 சதுர சென்டிமீட்டர் என்றால் விசை 70 கிலோகிராம் எடைக்குச் சமம்!

அப்படியும் சில நாளில் ஆணி பாதியில் நின்றுவிடுகிறது. காரணம் என்ன? நம் கடற்கரைக் காற்றில் ஈரம் அதிகம். வளிமண்டல அழுத்தத்தையும் சேர்த்தால் தொட்டியில் அழுத்தம் 8 மடங்கு. அதாவது காற்று எட்டில் ஒரு பங்காகச் சுருங்குகிறது. அது ஆறியதும் நீராவியின் பெரும்பகுதி நீராகிவிடும். அந்த நீர் துப்பாக்கிக்குள் புகுந்து எண்ணெயைக் கழுவிவிடுகிறது. பிஸ்டனைச் சுற்றியுள்ள ரப்பர் வளையம் உலர்ந்து தேய்கிறது. காற்று கசிந்து விசை குறைகிறது.

பழுது பார்ப்பவர் முதலில் அழுத்தமானியைப் பார்ப்பார். பிறகு குழாய் இணைப்புகளில் சோப்பு நீர் தடவுவார். குமிழி வந்தால் கசிவு அங்கே. இரண்டும் சரியென்றால் வளையத்தைச் சந்தேகிப்பார். ஆனால் காற்றுக் குழாயைக் கழற்றி, ஆணிகளையும் எடுத்த பிறகே துப்பாக்கியைத் திறப்பார். இல்லாவிடில் ட்ரிக்கரில் கை பட்டால் ஆணி பாயலாம்! புது வளையம் மாட்டி, அதற்குரிய எண்ணெய் சில சொட்டு விட்டால் வேலை முடிந்தது.

மாலையில் தொட்டியின் அடித்திருகைத் திறக்கும்போது தள்ளி நின்று பாருங்கள். வழியும் நீர், காலையில் அடையாற்றுக் காற்றில் இருந்த நீராவிதான்!